டீசலா, பெட்ரோலா? மலைக்கு வண்டி எடுக்கும் தம்பிக்கு



வேனை விற்றுவிட்டு மகிந்திரா தார் எடுக்கப்போகிறாய், சீசனில் ஆட்களை ஜவ்வாது மலைக்கும் கொல்லிமலைக்கும் கூட்டிப்போகப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். எஞ்சினைப் பற்றி யாரைக் கேட்டிருந்தாலும் "மலைக்கு டீசல்தான்" என்றிருப்பார்கள். எந்தக் காலத்து வண்டியை நினைத்துச் சொல்கிறார்கள் என்று பார்.

1979இல் மகிந்திரா, பிரான்சின் பெஷோ நிறுவனத்திடம் எக்ஸ்டிபி டீசல் எஞ்சினைச் செய்ய உரிமம் வாங்கியது. எம்எம்540 ஜீப்பில் இருந்தது அதுதான். பிரெஞ்சுக்காரன் பாண்டியை விட்டுப் போனபிறகு அவன் எஞ்சின் ஜீப்பில் ஏறித் திரும்பி வந்தது! டர்போ இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, நனைந்து கெட ஸ்பார்க் பிளக்கும் இல்லை. அன்றைய பெட்ரோல் ஜீப்பில் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்தால் ஓடை நடுவிலேயே உட்கார்ந்துவிடும். டீசல் பேச்சு அங்கே பிறந்தது. அன்றைக்கு அது சரி.

2020இல் வந்த தாரைப் பார். மேனுவல் கியரில் 2.2 லிட்டர் டீசலின் இழுவை 300 நியூட்டன் மீட்டர். 1600 ஆர்பிஎம்மில் முழுசாகக் கிடைக்கும். 2 லிட்டர் டர்போ பெட்ரோலுக்கும் அதே 300, அதுவும் 1250லேயே. ஆக, இழுவைக்காக டீசல் என்ற பேச்சு இந்த வண்டியில் எடுபடாது. டர்போ இல்லாத மாருதி ஜிம்னி வேறு கதை; 134 நியூட்டன் மீட்டர்தான், அதையும் மிதித்துத்தான் வாங்க வேண்டும். எடை குறைவு, மணலில் எளிதில் புதையாது. ஆனால் நான்கு பேரும் அவர்கள் மூட்டையும் ஏறினால் உனக்குக் கட்டாது. (மணல் என்றதும் கடற்கரை ஞாபகம் வந்தால் விட்டுவிடு. தை, மாசியில் அங்கே ஆமை முட்டையிடுகிறது.)

இறக்கத்தில் டீசல் நன்றாகப் பிடிக்கும், கம்ப்ரஷன் அதிகம் என்பார்கள். நெருக்கின காற்று திரும்ப பிஸ்டனைத் தள்ளிவிடுமே, அதைச் சொல்லமாட்டார்கள். பெட்ரோலில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் த்ராட்டில் மூடிக்கொள்ளும்; எஞ்சின் காற்றுக்கு மூச்சுமுட்டியே வேகத்தைக் குறைக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசியிலும் உன்னைக் காப்பாற்றப்போவது கியர். ஏறின கியரிலேயே இறங்கு. கல்லும் சரிவுமான இடத்தில் ஃபோர் லோ போடு.

தண்ணீரில் இரண்டும் ஒன்றுதான். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் ஏறினால் எந்த எஞ்சினிலும் கனெக்டிங் ராடு வளையும். நடு ஓடையில் வண்டி நின்றுபோனால் சாவியைத் தொடாதே, கயிறு கட்டி இழு.

இதை முடிவு செய்யப்போவது திங்கள் முதல் வெள்ளி வரை நீ ஓட்டும் ஊர்ச் சவாரிதான். பிஎஸ்6 டீசலின் சைலன்சர் லைனில் கரியைப் பிடிக்க ஒரு ஃபில்டர் உண்டு, டிபிஎஃப். சேர்ந்த கரியை எரிக்க 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். சூடு ஏற, நிற்காமல் ஓட வேண்டும். நீ ஓட்டல் வாசலில் ஏசி போட்டு நிற்கிறாய், பாரதி பூங்காவைச் சுற்றுகிறாய், நேரு வீதியில் ஊர்கிறாய். கரி சரியாக எரியாது. மீட்டரில் விளக்கு வந்ததும் திண்டிவனம் ரோட்டில் ஒரே சீராக இருபது நிமிஷம் விரட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். சவாரிக்கு நடுவில் அதற்கு யார் விடுவார்கள்? கவனிக்காமல் விட்டால் ஒர்க்ஷாப் பில் மைலேஜில் மிச்சம் பிடித்ததையெல்லாம் விழுங்கிவிடும்.

வாராவாரம் மலை என்றால் யோசிக்காமல் டீசல் எடு. லிட்டருக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் கூடக் கிடைக்கும். நீ ஊருக்குள் ஐந்து நாள், மலை சீசனில் மட்டும். உனக்குப் பெட்ரோல்தான். நம் பாண்டியில் பெட்ரோல் விலையும் தமிழ்நாட்டைவிடக் குறைவு, எல்லை தாண்டுமுன் டேங்கை நிரப்பிக்கொள்.

இதையெல்லாம்விட முதலில் ஆர்டிஓ ஆபீஸ் போய், நீ பார்த்து வைத்திருக்கும் மாடலுக்கு மஞ்சள் போர்டு கொடுப்பார்களா என்று கேள். வெள்ளை போர்டில் காசு வாங்கி ஆளேற்றி ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரன் கைவிரித்துவிடுவான். அட்வான்ஸ் கொடுப்பது அதற்கப்புறம்.

அன்புடன்,
அண்ணன்