அடிபம்பின் கைப்பிடி ஏன் கனமாக இருக்கிறது?

கேள்வி: எங்கள் தெருமுனை அடிபம்பின் கைப்பிடி முழுக்கக் கட்டி இரும்பு. அதையே குழாயில் செய்திருந்தால் அடிக்கிற பெண்களுக்கு லேசாக இருக்குமே? இந்த பம்பு எங்கிருந்து வந்தது?
– ஒரு வாசகி, அவினாசி

பதில்: குழாயில் செய்திருந்தால் இன்னும் கடினமாகத்தான் இருந்திருக்கும். துலாக் கிணற்றைப் பார்த்தவர்களுக்குக் காரணம் உடனே விளங்கும். துலாவின் ஒரு முனையில் வாளி, மறு முனையில் பாறாங்கல். வெறும் வாளியை இறக்கும்போது கல்லை நாம் மேலே தூக்குகிறோம். வாளி நிறைந்து ஏறும்போது அந்தக் கல் நமக்காக இறங்கி இழுக்கிறது. உங்கள் பம்பின் கைப்பிடி அந்தப் பாறாங்கல்லின் வேலையைத்தான் செய்கிறது.

ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீரைத் தூக்கும் பிஸ்டன் மேலே இல்லை; அடியில், தண்ணீருக்குள் கிடக்கிறது. 100 அடி ஆழம் என்றால், பிஸ்டனைக் கைப்பிடியோடு இணைக்கும் இரும்புக் கம்பிகள் மட்டும் 25 கிலோவுக்கு மேல் வரும். ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அந்த எடையையும் சேர்த்தா தூக்குவது? கைப்பிடியின் கனம் அதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது. அடிப்பவருக்கு மிஞ்சுவது தண்ணீரின் எடை மட்டுமே.

அதுவும் சின்ன எடை இல்லை. இந்த பம்பின் சிலிண்டர் 63.5 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அங்குல விட்டம். 100 அடி உயரத் தண்ணீர் அந்தப் பிஸ்டன்மேல் ஏறி நின்றால் சுமார் 95 கிலோ. கைப்பிடியின் நீளம் அதை எட்டில் ஒரு பங்காக்குவதால் கைக்குத் தெரிவது ஏறத்தாழ 12 கிலோ. பதிலுக்குக் கை ஒரு மீட்டர் இறங்க வேண்டும். அப்போது பிஸ்டன் 12.5 சென்டிமீட்டர் ஏறி, 400 மில்லிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் தரும். நாற்பது முறை அடித்தால் ஒரு குடம். ஒரு குடம் தண்ணீரை 100 அடி மேலே கொண்டுவரும் உழைப்பை எந்தக் கைபம்பாலும் குறைக்க முடியாது. அதை நாற்பது பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் நம் தோள் தாங்கும்படி செய்து கொடுக்கிறது, அவ்வளவுதான். பிஸ்டனை 50 மில்லிமீட்டராகக் குறைத்தால் கைக்கு ஏழரைக் கிலோவே வரும், ஆனால் குடம் நிரம்ப அறுபது முறைக்கு மேல் அடிக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் பரவிய ஆஃப்ரிடெவ் பம்புக்கு இந்தச் சிறிய அளவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

இனி பிறந்த கதை. இந்த பம்பின் பெயர் இந்தியா மார்க் 2. 1966-67இல் பீகாரையும் உத்தரப் பிரதேசத்தையும் வறட்சி வாட்டிய பிறகு, கடும் பாறையையும் துளைக்கும் எந்திரங்களை யுனிசெஃப் கொண்டுவந்தது. கிணறு வெட்டவே முடியாத பாறை நிலத்திலும் ஆறங்குலத் துளையில் தண்ணீர் கிடைத்தது. துளை புதிது, அதன்மேல் வைத்த பம்போ பழசு. மேல்நாட்டு வீட்டுத் தோட்டங்களில் ஒரு குடும்பம் அடிப்பதற்கென்று வார்த்த வார்ப்பிரும்பு பம்புகளைப் பார்த்துச் செய்தவை அவை. இங்கே விடியற்காலை முதல் இருட்டும்வரை ஊரே அடித்தது. கைப்பிடியைத் தாங்கும் ஆணி தேய்ந்தது, துளை நீள்வட்டமானது, ஒருநாள் கைப்பிடி உடைந்தது. 1970களின் நடுவில் எண்ணிப் பார்த்தபோது முக்கால்வாசி பம்புகள் ஓடவில்லை. பம்பு உடைந்தால் அடித்தவர்மேல் பழி போடுவது எளிது. இங்கே குற்றம் பெரும்பாலும் வடிவத்தில்தான் இருந்தது. அந்தக் குற்றத்துக்கு விலை கொடுத்தவர்கள், குடத்தோடு மறுபடியும் பழைய பாழுங்கிணற்றுக்கே நடந்த பெண்கள்.

தீர்வு பெரிய ஆய்வுக்கூடம் எதிலும் பிறக்கவில்லை. மகாராஷ்டிரத்தின் ஜால்னா, சோலாப்பூர் பகுதிகளில் கிணறு அமைத்துக் கொடுத்துவந்த கிறித்தவத் தொண்டு அமைப்புகளின் பட்டறைகளில், உடைந்ததைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தவர்களின் கையில் அது உருவானது. வார்ப்பிரும்பை விட்டுவிட்டு எஃகுத் தகட்டை வெட்டி வெல்டிங் செய்தார்கள். ஆணிக்குப் பதில் பால்பேரிங். கம்பியை நேராகக் கைப்பிடியில் மாட்டாமல் ஒரு சங்கிலியில் தொங்கவிட்டார்கள்.

அந்தச் சங்கிலிதான் எனக்கு இந்த பம்பிலேயே மிகப் பிடித்த பாகம். கைப்பிடியின் முனை வளைந்து வளைந்துதான் போகும். கம்பியை அதில் இறுக்கி மாட்டினால் ஒவ்வொரு அடியிலும் பக்கவாட்டில் தள்ளும், அங்கேதான் தேய்மானம். கால்வட்டத் தகட்டின்மேல் சங்கிலி படிந்து படிந்து எழுந்தால், கம்பி எப்போதும் செங்குத்தாகவே ஏறி இறங்கும். மெக்கானிக் பம்பின் தலையைத் திறக்கும்போது எட்டிப் பாருங்கள், தெரியும்.

சோலாப்பூரில் உருவான அந்தப் பம்பை வைத்துக்கொண்டு யுனிசெஃப், மத்திய அரசு, சென்னையில் இருந்த மெராடோ என்ற இயந்திரவியல் ஆய்வு அமைப்பு, ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு ஆகியவை 1975 முதல் வேலை செய்தன. தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்ட கோவை மாவட்டக் கிராமங்களில் மாதிரிகளை நட்டுச் சோதித்தார்கள். ஆக, உங்கள் தெருமுனை பம்பின் முன்னோர்கள் உங்கள் பக்கத்திலேயே அடிபட்டுத் தேறியவர்கள். 1979இல் இந்தியத் தர நிர்ணயம் வந்தது. காப்புரிமை எதுவும் வாங்கவில்லை. எந்தப் பட்டறையும் செய்யலாம் என்று விட்டார்கள். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் இன்று இதன் வாரிசுகள் நிற்பதற்கு அது முக்கியக் காரணம்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கொல்லைப் பம்பில் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால்தான் ஏறுகிறது. தெரு பம்புக்கு அது தேவையில்லையே?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் கொல்லை பம்பின் பிஸ்டன் மேலேயே இருக்கிறது. அது தண்ணீரைத் தூக்குவதில்லை. குழாயில் உள்ள காற்றை உறிஞ்சுகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள தோல் வாசர் காய்ந்து சுருங்கிவிட்டால் காற்று பக்கவாட்டில் நுழைந்துவிடும். சொம்புத் தண்ணீர் தோலை ஊறவைத்து அந்த இடைவெளியை அடைக்கிறது. தெரு பம்பின் பிஸ்டன் தண்ணீருக்குள்ளேயே கிடப்பதால் காய வழியில்லை.

உறிஞ்சும் பம்புக்கு ஓர் எல்லையும் உண்டு. சுமார் 10 மீட்டருக்குமேல் தண்ணீர் ஏறவே ஏறாது என்பதை கலிலியோ 1638இல் வந்த தம் நூலில் குறிப்பிட்டார். காற்றின் எடைதான் காரணம் என்பதை அவருடைய சீடர் டொரிசெல்லி பாதரசக் குழாயை வைத்து விளக்கினார். நடைமுறையில் 7 மீட்டரோடு நின்றுவிடும். நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கினால் வாசரை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

கேள்வி: தோட்டத்தில் 18 அடியில் தண்ணீர் இருக்கிறது, மின் இணைப்பு இல்லை. கைபம்பில் அடித்துக் காய்கறிப் பாத்தி நனைப்பதற்குள் தோள் விட்டுப்போகிறது. வேறு வழி?
– ஒரு வாசகர், வேதாரண்யம்

பதில்: தோளுக்கு ஓய்வு கொடுங்கள், காலிடம் வேலையைக் கொடுங்கள். நம் ஏற்றம் அப்படித்தான் இறைத்தது: மேலே ஆள் மரத்தின்மீது முன்னும் பின்னும் நடப்பார், அவர் உடம்பின் எடையே தண்ணீர் வாளியை மேலே கொண்டுவரும். இதே அறிவை பம்பில் சேர்த்தவர் கன்னர் பார்ன்ஸ் என்ற நார்வே பொறியாளர். 1980 வாக்கில் வங்கதேசத்தின் ரங்க்பூர்–தினாஜ்பூர் பகுதியில் பணியாற்றியபோது, இரண்டு சிலிண்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு மூங்கிலை மிதிகட்டையாக்கினார். மாடிப்படி ஏறுவதுபோல் மாறி மாறி மிதித்தால் ஒரு பிஸ்டன் இறங்க மற்றது ஏறும். தண்ணீர் விட்டுவிட்டு வராமல் தொடர்ந்து வரும். அந்த நாட்டில் மட்டும் பத்து லட்சத்துக்குமேல் விற்றது. இதுவும் உறிஞ்சும் பம்புதான். உங்கள் 18 அடி அதன் எல்லைக்குள் வருகிறது.

கேள்வி: முன்பெல்லாம் தெரு பம்பில் வாசர் மாற்றக்கூட வேனில் ஆட்கள் வருவார்களே, ஏன்?
– ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: மார்க் 2இல் பிஸ்டன், அதற்கு மேலே தண்ணீர் ஏறிவரும் குழாயைவிடப் பருமன். வாசரைத் தொட வேண்டுமென்றால் 100 அடி இரும்புக் குழாயையும் உள்ளிருக்கும் கம்பியையும் வெளியே இழுக்க வேண்டும். அது ஊர்க்காரர் நாலு பேரால் ஆகிற காரியமல்ல. வேன் வரும்வரை, சில நேரம் வாரக்கணக்கில், பம்பு சும்மா நிற்கும். இதற்காகவே 1983இல் கோவைப் பகுதியில் மறுபடியும் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கி மார்க் 3 உருவானது. அதில் குழாயை இரண்டரை அங்குலமாக அகலப்படுத்தினார்கள். கம்பியை மட்டும் உருவினால் பிஸ்டன் கூடவே மேலே வந்துவிடும். தோல் வாசருக்குப் பதிலாக நைட்ரைல் ரப்பர் வந்தது. அது பல மடங்கு உழைத்தது. அகலக் குழாய்க்கு விலை கூடுதல் என்பதால் பல ஊர்களில் இன்னும் மார்க் 2 தான் நிற்கிறது, ரப்பர் வாசரோடு.