தேயிலை நிரையிற் களையறிதல்

மலைநாட்டுத் தோட்டங்களிற் களையெடுப்பைப் 'புல்லு வெட்டு' என்பர். வெட்டுப்படுவன யாவும் புல்லல்ல. அற்றன் முதல் நுவரெலியா வரை தேயிலை நிரைகளின் இடையே கறிக்காகும் கீரையும், மருந்தாகும் பூண்டும், உயிர்க்கு ஊறு செய்யும் நஞ்சும் அருகருகே முளைக்கின்றன. இவற்றை வேறுபிரித்தறிதல் பொழுதுபோக்கன்று. அடுப்பங்கரையோடு தொடர்புடைய கல்வி.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார். அவற்றைப் பிழையற ஒப்பிக்கும் மாணவனும் லயத்து வாசலிற் பூத்திருப்பதன் பெயரை அறியான். அவனைக் குறை கூறுதல் தகாது. அங்குப் பூப்பனவற்றுட் பல, கபிலர் கண்டிராத அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். வேலியெங்கும் படர்ந்துள்ள உண்ணிச்செடியும் அவ்வாறு வந்ததே. 1826 இல் பேராதனைப் பூந்தோட்டத்தின் வழியாக இலங்கை புகுந்தது.

புளியாரையை முதலிற் காண்போம். ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள், ஒவ்வொன்றும் நெஞ்சக் குறி போன்றது, மாலையிற் கூம்பும். மஞ்சட் பூப் பூத்துத் தரையோடு படர்வது நாட்டுப் புளியாரை. அதன் காய் நிமிர்ந்து நிற்கும். முற்றியதைத் தொட்டால் வெடித்து விதை தெறிக்கும். ஊதாகலந்த இளஞ்சிவப்புப் பூவுடையதோ வேற்று நாட்டது. தண்டு படராது, மண்ணுள் வெங்காயம் போன்ற சிறு கிழங்குகளை வைத்திருக்கும். அதனைப் பற்றியிழுத்தால் இலை கையில் வரும், கிழங்குகள் சிதறி மண்ணில் நிற்கும், ஒன்று பலவாகும். ஆதலின் முள்ளாற் கிளறிக் கிழங்கோடு எடுத்தல் வேண்டும். நிரை பிடித்துப் பழகிய பெண்கள் இதனை நன்கறிவர். நூல் கற்ற நாம் அவர்பாற் கேட்டறிய வேண்டியவை பல.

வல்லாரை கானோரத்து ஈரத்தில் ஓடும், கணுத்தோறும் வேரூன்றும். இலையின் பிளவிலேயே காம்பு பொருந்தும். குடைக்குக் கம்புபோல இலையின் அடிநடுவிற் காம்பு பொருந்தினால் அது வல்லாரையன்று.

மிக்க கவனம் வேண்டுவது மணத்தக்காளி. ஊமத்தையின் இளங்கன்றை அதுவென மயங்கிக் கொய்தல் பெருந் தீங்காம். ஊமத்தை இலை பெரிது, கசக்கினால் தீநாற்றம் வீசும், பூ எக்காளம் போன்றது, காய் முள்ளுடையது. மணத்தக்காளிப் பூவோ சிறு வெண்மீன் போல்வது. காய் மிளகளவிற் கொத்தாய்த் தொங்கிப் பழுத்துக் கறுக்கும். பூவுங் காயுங் காணுமுன் கொய்யாதிருத்தலே மாணாக்கர்க்கு யாம் விதிப்பது. கறுக்காத பச்சைக் காயைச் சிறுவர் தின்னலாகாது.

எல்லாக் களையையும் சுரண்டியாற் சுரண்டி நிலத்தை வெறுமையாக்குதல் முன்னாளிற் சிறந்த பராமரிப்பு எனப்பட்டது. மலைச்சரிவின் மேன்மண் மழையோடு ஆற்றுக்குப் போயிற்று. 1925 இல் தோன்றித் தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம், தேயிலையொடு கடிது போட்டியிடும் களைகளைக் களைந்து, மென்மையான சிறு பூண்டுகளை மண்ணுக்குப் போர்வையாக விடலாமென்றது. இம்முறைக்கும் அடிப்படை இன்னது இன்னதெனப் பிரித்தறியும் கண்ணே.

கிளைபோசேற் என்னுங் களைகொல்லி 2015 இல் இலங்கையில் தடைசெய்யப்பட்டு, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அது தெளித்த செடி உடனே வாடுவதில்லை. சில நாள் பச்சையாகவே நிற்கும். ஆகவே கீரை கொய்யப் புகுமுன், அந்நிரையில் மருந்தடித்த நாள் எதுவெனக் கங்காணியாரைக் கேட்டறிக.