எண்முறை இசை வழங்கியும் யு.எஸ்.பி. இயக்கியும்: ஓர் அறிமுக ஆய்வு

முன்னுரை

ஒலியைக் காலத்தால் அளக்கும் மரபு தமிழுக்குப் பழமையானது. இயல்பாகக் கண் இமைக்கும் பொழுதும், கை நொடிக்கும் பொழுதும் ஒரு மாத்திரை எனத் தொல்காப்பியர் வரையறுத்தார். குறிலுக்கு மாத்திரை ஒன்று, நெடிலுக்கு இரண்டு. அக்கால அளவு தவறினால் 'கல்' என்பது 'கால்' ஆகிவிடும், பொருளே மாறிவிடும். ஆகவே ஒலி என்பது காலத்தோடு பிணைந்த ஒன்று. காலத்தை விலக்கி ஒலியைக் காத்தல் இயலாது.

இவ்வுண்மை கணிப்பொறி வழியே இசை கேட்கும் இந்நாளிலும் மாறவில்லை. உயர்தர இசை வழங்கி என்பது, ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகளை எண்களாகச் சேமித்து வைத்து, வேண்டியபொழுது வெளியே அனுப்பும் தனிப்பயன் கணிப்பொறியாகும். அவ்வெண்களை மின்னலையாக மாற்றும் கருவியை 'டாக்' என வழங்குவர். இவ்விரண்டிற்கும் இடையே பெரும்பாலும் பாலமாவது யு.எஸ்.பி. வடம். அவ்வடத்தின் வழியே எண்களை முறைப்படி அனுப்பும் மென்பொருளே இயக்கி. அவ்வியக்கி செய்யும் பணி யாது, அதன் நேர்மையை அறியும் வழி யாது என்பனவற்றை இக்கட்டுரையில் நாம் காண முற்படுகின்றோம்.

ஒலி எண்ணாதல்

தொடர்ந்து மாறும் ஒலியலையைச் சீரான இடைவெளியில் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதுதலே எண்முறை ஒலிப்பதிவு. ஒவ்வோர் அளவும் 'மாதிரி' எனப்படும். ஓர் அலையின் மிகவுயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட விரைவில் மாதிரிகள் எடுக்கப்படின் அவ்வலையை மீண்டும் முழுமையாக உருவாக்கலாம் என்பது நைக்விஸ்ட் 1928-இலும் ஷானன் 1949-இலும் வெளியிட்ட ஆய்வுகளோடு தொடர்புடைய கொள்கை. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரை உணரும். எனவே 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள் அமைந்தன. ஒவ்வொரு மாதிரியும் 16 பிட் அளவினது. இடம், வலம் என வழிகள் இரண்டு. இவற்றைப் பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட்டுகள் ஆகின்றன.

இவ்வெண்களை அப்படியே சேமித்தால் ஒரு நிமிட இசைக்கு ஏறத்தாழ ஒரு கோடி பைட்டு இடம் தேவை. ஒரு பிட்டும் இழக்காமல் இதனைச் சுருக்கும் முறைகளுள் புகழ்பெற்றது 2001-இல் வெளிவந்த 'ஃப்ளாக்'. இது 2024-இல் இணையப் பொறியியல் அமைப்பின் வரையறையாகவும் வெளியிடப்பட்டது. சுருக்குவதற்கு முந்திய ஒலி எண்கள் முழுமைக்கும் கணித்த ஒரு சரிபார்ப்பு எண்ணையும் ஃப்ளாக் கோப்பு தன் தலைப்பகுதியில் தாங்கி நிற்கும். விரித்தெடுத்த எண்களை அதனோடு ஒப்பிட்டு, கோப்பு பழுதுபடவில்லை என்பதை எவரும் உறுதி செய்துகொள்ளலாம். ஒரு நபிமொழியை ஏற்கும் முன்னர் அதனை அறிவித்தோரின் தொடரை ஆராய்ந்த நம் முன்னோரின் விழிப்புணர்வு இங்கே நினைக்கத்தக்கது. செய்தி நன்றாயினும் வந்த வழி நன்றா என வினவுதல் அறிவுடையோர் இயல்பு.

வழியின் அகலம்

இன்டெல் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் கூடி உருவாக்கிய யு.எஸ்.பி. முறையின் முதல் வரையறை 1996-இல் வெளிவந்தது. அதன் முழுவிரைவு நொடிக்கு 1.2 கோடி பிட்டுகள். காலத்தை ஆயிரத்தில் ஒரு நொடி கொண்ட கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றிலும் ஒரு பொதியை அனுப்புதல் அதன் முறை. ஒலிக்குரிய பொதியில் அடங்கக்கூடியது மிகுதியாக 1,023 பைட்டு.

இங்கே ஒரு கணக்கைப் பார்ப்போம். நொடிக்கு 96,000 மாதிரி, 24 பிட், இரு வழி எனின் ஒரு காலக்கூற்றுக்கு 576 பைட்டு. இது எளிதில் அடங்கும். மாதிரிகளின் விரைவை 1,92,000 ஆக உயர்த்தினால் 1,152 பைட்டு, அடங்காது. இசைக் கருவிகள் பழைய விரைவைக் கடந்து செல்ல வேண்டி வந்தமைக்கு இவ்வெளிய பெருக்கலே காரணம். 2000-இல் வெளிவந்த யு.எஸ்.பி. 2.0 முறையில் விரைவு 48 கோடி பிட்டுகளாயிற்று. ஒவ்வொரு காலக்கூறும் எட்டு நுண்கூறுகளாகப் பிரிக்கப்பட்டது. அதன்பின் வழியின் அகலம் ஒரு சிக்கலாக இல்லை. எஞ்சி நின்ற சிக்கல் காலம்.

கடிகாரம் யாருடையது?

44,100 மாதிரிகளை 1,000 கூறுகளில் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 44.1 வரும். மாதிரியில் பத்தில் ஒரு பங்கை அனுப்ப இயலாது. ஆதலின் ஒன்பது கூறுகளில் 44 மாதிரிகளும் பத்தாவதில் 45 மாதிரிகளும் அனுப்பப்படும். இது முதற்படி.

இரண்டாம் படியே நுட்பமானது. கணிப்பொறியினுள் ஒரு படிகக் கடிகாரமும், டாக் கருவியினுள் மற்றொரு படிகக் கடிகாரமும் துடிக்கின்றன. இரு கடிகாரங்கள் ஒருபொழுதும் முற்றிலும் ஒத்தியங்கா. பத்து இலட்சத்தில் 50 பங்கு என்னும் சிறு வேறுபாடு இருப்பதாகக் கொள்வோம். நொடிக்கு இரண்டு மாதிரிகளுக்குச் சற்று மேலாக மிகும் அல்லது குறையும். கருவியின் இடைத்தேக்கத்தில் 441 மாதிரிகள் மட்டுமே இருப்பின் 200 நொடிகளில் அது வற்றிவிடும். ஒரு பாடல் முடிவதற்குள் ஒலி அறுபடும்.

இதனைத் தீர்க்க யு.எஸ்.பி. வரையறை மூன்று வழிகளைக் கூறுகின்றது. முதலாவது, கருவி தன் துடிப்பைக் கணிப்பொறியின் காலக்கூற்றோடு நேரே பிணைத்துக்கொள்ளுதல். இரண்டாவது, வந்துசேரும் மாதிரிகளின் விரைவைக் கண்டு கருவி தன் கடிகாரத்தைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளுதல். இவ்விரண்டிலும் கருவியின் கடிகாரம் பிறர்வயப்பட்டதாகின்றது. மூன்றாவது, ஒத்திசையா முறை. இதில் கருவியின் படிகமே தலைமை ஏற்கும். ஒரு கூற்றுக்கு எத்தனை மாதிரிகள் தனக்கு வேண்டும் என்பதைக் கருவி ஒரு தனி வழியில் கணிப்பொறிக்கு அவ்வப்போது தெரிவிக்கும். இயக்கி அதனைப் படித்து, அடுத்த பொதிகளில் ஒரு மாதிரியைக் கூட்டியோ குறைத்தோ அனுப்பும். வீட்டின் தேவையறிந்து நீர் வார்ப்பது போன்றது இது. உயர்தரக் கருவிகளில் இம்முறையே பெரிதும் பின்பற்றப்படுகின்றது. எண்ணை அலையாக்கும் இடத்திற்கு அருகிலேயே கடிகாரம் இருத்தல் துடிப்பின் நடுக்கத்தைக் குறைக்கும் என்பது இதன் அடிப்படை.

இயக்கியின் பணிகள்

இவ்வளவில் இயக்கி எழுதுவோர் மேற்கொள்ளும் பணிகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, கருவியின் தன்விவரக் குறிப்பைப் படித்து அதன் ஆற்றலை அறிதல். இரண்டாவது, பாடலுக்கேற்ற கடிகாரத்தைத் தேர்ந்தெடுக்கச் செய்தல். 44,100 வழிவந்த விரைவுகளுக்கு ஒரு படிகமும் 48,000 வழிவந்த விரைவுகளுக்கு மற்றொரு படிகமும் நல்ல கருவிகளில் அமைந்திருக்கும். மூன்றாவது, பொதிகளைப் பல கூறுகளுக்கு முன்னதாகவே வரிசைப்படுத்தி வைத்தல். நான்காவது, கருவி கேட்கும் அளவுக்கேற்ப அனுப்புதல். ஐந்தாவது, எண்களை மாற்றாதிருத்தல்.

மூன்றாம் பணி ஏன் இன்றியமையாதது? கோப்பு ஒன்றை யு.எஸ்.பி. வழியே படியெடுக்கும்பொழுது பிழை நேர்ந்தால் அப்பகுதி மீண்டும் அனுப்பப்படும். ஒலிக்குரிய பொதிக்கோ மறு அனுப்புதல் இல்லை. பிழையைக் கண்டறிய வழி உண்டு. திருத்தப் பொழுது இல்லை. மேலும், வேறொரு சாதனத்தின் இயக்கி செயலியை நெடுநேரம் பிடித்துக்கொண்டால் வரிசை வெறுமையாகி, 'டக்' என்னும் வெட்டொலி கேட்கும். வரிசையை நீட்டினால் வெட்டொலி மறையும். ஆனால் தாமதம் கூடும். 1,024 மாதிரிகள் கொண்ட தேக்கம் 23 மில்லிநொடிக்கு மேற்பட்ட தாமதத்தைத் தரும். பாட்டுக் கேட்போருக்கு இது பொருட்டன்று; பாடிக்கொண்டே தம் குரலைக் காதில் கேட்கும் பாடகருக்கு இது இடையூறு. எனவே இசை வழங்கிக்கு நீண்ட தேக்கமும், ஒலிப்பதிவுக் கூடத்திற்குக் குறுகிய தேக்கமும் பொருந்தும்.

ஐந்தாம் பணி எளிதாகத் தோன்றினும் அரிது. பல ஒலிகளைக் கலந்து தரவேண்டிய இயங்குதளம், எல்லாவற்றையும் ஒரே விரைவுக்கு மாற்றிவிடுவது உண்டு. மென்பொருளில் ஒலியைப் பாதியாகக் குறைத்தால் ஒரு பிட்டளவு நுட்பம் கீழே சரியும். இவற்றைத் தவிர்க்கவே, 1997-இல் ஸ்டைன்பர்க் நிறுவனம் வெளியிட்ட 'ஆசியோ' முறையும், விண்டோஸ் விஸ்டாவோடு வந்த தனியுரிமை முறையும் கலப்பானை விலக்கிச் செல்ல வழி வகுத்தன. பெற்றதைக் கூட்டாமலும் குறைக்காமலும் உரிய இடத்தில் ஒப்படைத்தல் அமானிதம் எனப்படும். இயக்கியின் அறமும் அதுவே.

பொது வரையறையும் தனி இயக்கியும்

யு.எஸ்.பி. ஒலிக் கருவிகளுக்குரிய முதற் பொது வரையறை 1998-இலும், உயர்விரைவுக்கு ஏற்ற இரண்டாம் வரையறை 2006-இலும் வெளிவந்தன. பொது வரையறையைப் பின்பற்றும் கருவிக்கு இயங்குதளத்தில் உள்ள இயக்கியே போதும். ஆப்பிள் கணிப்பொறிகளும் லினக்ஸும் 2010-ஆம் ஆண்டளவில் இரண்டாம் வரையறையை ஏற்றன. விண்டோஸ் 10-இல் அதற்கான இயக்கி இடம்பெற்றது 2017-இல்தான். இடைப்பட்ட பதினோர் ஆண்டுகள் ஒவ்வொரு கருவியாளரும் விண்டோஸுக்குத் தத்தம் இயக்கியை எழுதவோ விலைக்கு வாங்கவோ நேர்ந்தது.

இதன் விளைவு எண்ணத்தக்கது. தனி இயக்கியை மட்டுமே நம்பிய கருவி, அதனை எழுதியவர் கைவிட்ட அன்றே முதுமையடைகின்றது. இயங்குதளம் புதுப்பிக்கப்பட்டவுடன், மின்சுற்றில் எப்பழுதும் இல்லாத கருவி ஊமையாகிவிடும். பொது வரையறையைத் தழுவிய கருவிக்கு இவ்வச்சம் குறைவு.

வழங்கி மென்பொருளிலும் இதே படிப்பினை உண்டு. ஸ்லிம் டிவைசஸ் நிறுவனம் தன் வழங்கி மென்பொருளை எவரும் படித்துத் திருத்தும் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. 2006-இல் லாஜிடெக் அந்நிறுவனத்தை வாங்கியது. 2012-இல் அவ்வகைக் கருவிகளின் விற்பனைக்கு முடிவு கட்டியது. எனினும் ஆர்வலர்கள் அம்மென்பொருளைப் பேணி வந்தனர். 2024-இல் அது 'லிரியன்' எனப் புதுப்பெயர் பெற்றது. நிறுவனம் விட்ட இடத்தில் அறிவுச் சமூகம் தொடர்ந்தது.

மெய்யும் மிகையும்

உயர்தர இசைக் கருவிச் சந்தையில் மிகையுரைகள் மலிந்துள்ளன. விலையுயர்ந்த யு.எஸ்.பி. வடம் இசைக்கு இனிமை கூட்டும் என்பது அவற்றுள் ஒன்று. பிழையின்றி வந்த பிட்டு எவ்வடத்தில் வந்தாலும் ஒன்றே. ஆயினும் கணிப்பொறியின் மின்னிரைச்சல் வடத்தின் நிலக்கம்பி வழியே ஒப்புமைச் சுற்றை அடையக்கூடும் என்பதும் மெய். அதற்குத் தீர்வு இருபுறத்தையும் மின்வகையால் பிரித்தல். வடத்தின் விலை அன்று.

மாணவர் தாமே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று உண்டு. வழங்கி அனுப்பும் எண்களை எண்முறையிலேயே மற்றொரு கணிப்பொறியில் பதிந்து, தொடக்கத்தை ஒன்றாகப் பொருத்தி, மூலக் கோப்பிலிருந்து கழித்தல் வேண்டும். விடை முழுதும் சுழியாயின் வழி தூயது. ஓரிடத்தேனும் எஞ்சுமாயின் எங்கோ ஒரு கை அவ்வெண்களைத் தொட்டிருக்கின்றது. விளம்பரத்தை நம்பவும் வேண்டா; வெறுக்கவும் வேண்டா. கழித்துப் பார்த்தால் போதும்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால், இயக்கியின் சிறப்பு இசையை அழகுபடுத்துவதில் இல்லை; பெற்றதை உரிய காலத்தில் மாற்றமின்றிச் சேர்ப்பதில் உள்ளது என்பது பெறப்படும். இது செல்வர் வீட்டு இசைக்கூடத்திற்கு மட்டும் உரிய செய்தியன்று. நம் ஊர்களில் ஒலிநாடாக்களில் உறங்கும் மார்க்கச் சொற்பொழிவுகள், இஸ்லாமியத் தமிழ்ப் பாடல்கள், மறைந்த ஆசிரியர்களின் வகுப்புரைகள் ஆகியன எண்முறைக்கு மாற்றப்படும்பொழுது அவையும் இதே யு.எஸ்.பி. வழியே, எதிர்த்திசையில் பயணம் செய்கின்றன. நாடா ஆண்டுதோறும் நலிகின்றது. இன்னொரு முறை ஓட்டுவதற்கு அது நில்லாமலும் போகலாம். இயங்குதளம் அறியாமற் செய்த ஒரு மாற்றம் அப்பதிவில் என்றென்றும் நிலைத்துவிடும்.

ஒலி ஆவணக்காப்பகங்களுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் வழிகாட்டி, நொடிக்கு 48,000 மாதிரி, 24 பிட் என்பதனைக் குறைந்த அளவாக வகுத்துள்ளது. அவ்வளவில் பதிந்து, இழப்பில்லாச் சுருக்கத்தில் சேமித்து, சரிபார்ப்பு எண்ணோடு இரு வேறு இடங்களில் காத்தல் கல்லூரிகளுக்கு எட்டாத பணியன்று. பொது வரையறையைத் தழுவிய எளிய கருவி ஒன்றும், திறந்த மென்பொருளும், பொறுமையுள்ள இரு மாணவர்களும் அமைந்தால் போதும்.

அல்காரிதம் என்னும் சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரினின்று பிறந்தது. எண்ணை ஆண்ட அம்மரபும் ஒலியை அளந்த தமிழ் மரபும் நமக்கு உரியன. எண்ணும் ஒலியும் ஒன்றாகும் இத்துறையில் நாம் பயனாளராக மட்டும் நின்றுவிடலாகாது. இயக்கியின் மூல நிரலைப் படிக்கவும், பிழை திருத்தவும், நம் முன்னோர் குரலை அமானிதமாக அடுத்த தலைமுறைக்கு ஒப்படைக்கவும் நம் மாணவர் முன்வருதல் வேண்டும்.