கவர்மென்ட் லேப்டாப்பில் இரண்டு சிஸ்டம்

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சேலம், நாமக்கல் பக்கம் பல வீட்டுப் பரணில் அது இன்னும் கிடக்கிறது. தூக்கிப் போட மனசு வராத பொருள். ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போட்டால், கோழிப்பண்ணைக் கணக்குக்கு விண்டோஸில் டேலி, பிள்ளையின் காலேஜ் புரோகிராமுக்கு லினக்ஸ் என்று இன்னும் சில வருஷம் உழைக்கும்.

1. படம், கணக்கு எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுத்து வையுங்கள். அண்ணன் மகளுக்கு லினக்ஸ் ஏற்றும்போது, 'டிஸ்க் முழுவதையும் அழி' என்ற வரியை அவசரத்தில் நான் தேர்ந்தெடுத்துவிட்டேன். அவள் தம்பியின் காதுகுத்துப் படங்கள் மொத்தமும் போய்விட்டன. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. மின்ட் என்றால் அந்தத் திரையில் கடைசியாக இருக்கும் 'சம்திங் எல்ஸ்', புது உபுண்டு என்றால் 'மேனுவல்' வழியாகவே போங்கள்.

2. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் இந்த வேலை வேண்டாம். பழைய பேட்டரி பத்து நிமிஷம்கூடத் தாங்காது. டிஸ்கில் பிரித்த பகுதியின் (பார்ட்டிஷன்) அளவை மாற்றும் நடுவில் கரன்ட் போனால் உள்ளே இருப்பது கெட்டுவிடும்.

3. 256 ஜிபி என்று வாங்கியது விண்டோஸில் 238 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, எண்ணும் கணக்கு வேறு. விண்டோஸுக்கு 110, லினக்ஸுக்கு 50, இரண்டுக்கும் பொதுவாக என்டிஎஃப்எஸ்ஸில் 60, ஸ்வாப்புக்கு 4. மீதியைக் காலியாகவே விடுங்கள். முட்ட முட்ட நிரப்பினால் எஸ்எஸ்டி வேகம் குறையும்.

4. முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ். மாற்றிப் போட்டால் லினக்ஸின் தொடக்கப் பட்டியல் காணாமல் போகலாம்.

5. பழைய பயாஸ் லேப்டாப்பில் எம்பிஆர் முறைதான் இருக்கும். அதில் பிரைமரி பகுதி நான்குதான். விண்டோஸே இரண்டு எடுத்துக்கொள்ளும், பொதுப் பகுதி மூன்றாவது. நான்காவதை எக்ஸ்டெண்டட் ஆக்கி, அதற்குள் லினக்ஸையும் ஸ்வாப்பையும் வையுங்கள். புது லேப்டாப் ஜிபிடி. இந்தக் கவலை இல்லை.

6. விண்டோஸ் ஏற்கெனவே இருந்தால் அதன் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே 'ஷ்ரிங்க்' கொடுத்து இடம் எடுங்கள். பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவி எண்ணை முன்கூட்டியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

7. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக மூடாது. பொதுப் பகுதியில் லினக்ஸ் படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது.

8. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். லினக்ஸ் உலக நேரத்தை எழுதி வைக்கிறது, விண்டோஸ் அதை நம்மூர் நேரம் என்று நினைத்துக்கொள்கிறது. லினக்ஸில் வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் சரியாகும். டேலியில் தேதி பிசகாமல் இருக்க இதை அன்றைக்கே செய்யுங்கள்.

9. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றது. அதனால் பேங்க் வேலையை லினக்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

10. கழற்றிய ஹார்ட் டிஸ்க் நன்றாக இருந்தால் ஒரு யுஎஸ்பி கேஸில் போடுங்கள். அடுத்த பேக்கப்புக்கு அதுவே போதும்.