கற்பியாததையும் கற்பித்த ஆசிரியர்

ஓர் ஆசிரியரின் பெருமையை எதனைக் கொண்டு அளப்பது? அவர் சொல்லிய பாடங்களின் தொகையைக் கொண்டா? மாணாக்கர் எய்திய தேர்ச்சியைக் கொண்டா? விடை காண விழையும் நாம், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களையும் அவர்தம் மாணாக்கர் உ. வே. சாமிநாதையரவர்களையும் நோக்குதல் நலம்.

பிள்ளையவர்கள் (1815–1876) திருவாவடுதுறை ஆதீன வித்துவான். புராணம், அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் முதலியன பாடுவதிலும் பாடஞ் சொல்வதிலும் நிகரற்றவர். வறிய மாணாக்கர்க்கு உணவும் உறையுளும் உதவியவர். சமய வேற்றுமை பாராதவர். கிறித்தவராகிய சவராயலு நாயகரும் அவரிடங் கற்றவரே.

ஐயரவர்கள் 1871 முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அவரிடம் பாடங் கேட்டார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அப்பதவியை அவருக்குக் கிடைக்கச் செய்த தியாகராச செட்டியாரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே. அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியார் தூண்ட, ஐயரவர்கள் சீவக சிந்தாமணியைக் கையிலெடுத்தார். அஃது ஆசிரியரிடம் பாடங் கேளாத நூல். எனினும் 1887இல் அதனைப் பதிப்பித்தார். பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் வெளிவந்தன.

கற்பியாத நூல்களுக்கு ஆசிரியர் உதவியது எங்ஙனம்? ஏட்டுச்சுவடியிற் புள்ளியில்லை, எகர ஒகரங்களிற் குறில் நெடில் வேறுபாடில்லை, அடிகள் பிரிவின்றித் தொடர்ந்து செல்லும். அங்கே பிழையைக் காட்டுவன ஓசையும் எதுகையும் மோனையுமே. ஆயிரக்கணக்கான செய்யுட்களைக் கேட்டுப் பழகிய செவிக்குச் சீர் சிதைந்த இடம் உடனே புலனாகும். அச்செவியே ஆசிரியர் தந்த முதல். மற்றொன்று, உயர்வு தாழ்வு கருதாது எவரிடத்துங் கற்கும் பணிவு. சிந்தாமணி சமண காவியமாதலின், சைவச் சூழலில் வளர்ந்த ஐயரவர்கள் கும்பகோணத்துச் சமணர்களை நாடிச் சென்று, ஐயந்தீரக் கேட்டறிந்தார். எவர்க்குங் கற்பித்த ஆசிரியரின் மாணாக்கர், எவரிடத்துங் கற்கத் தயங்காமை வியப்பன்று.

ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்தபின், தம் முதுமையில், ஐயரவர்கள் அவர் சரித்திரத்தை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இருபாகமாக வெளியிட்டார். நன்றியுணர்வு காலத்தால் மங்கவில்லை.

தேர்வுக்கு வேண்டிய குறிப்புகளை மட்டும் கொடுத்தலும் கொள்ளுதலும் கல்வியாகாதென்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது. குறிப்புகள் தேர்வோடு முடிந்துவிடும். பயின்ற செவியும் பணிந்த உள்ளமும் ஆசிரியர் காணாத நூலையும் கற்கத் துணைநிற்கும். விழாக் கொண்டாடும் இவ்வேளையில், ஆசிரியராகிய நாம் மாணாக்கர்க்கு அளிப்பது எது என்பதை நாடோறும் ஆராய்வோமாக. பழைய மாணவர்களும் தாம் பெற்றதை இளையோர்க்கு வழங்க முன்வருவார்களாக.