புகை தெரியவில்லை என்றால் தேறிவிடுமா?

சைலன்சரில் புகை வராத பெட்ரோல் கார் புகைப் பரிசோதனையில் தானாகவே தேறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் பெட்ரோல் காரில் கருவி அளப்பது கார்பன் மோனாக்சைடையும், எரியாமல் தப்பிய ஹைட்ரோகார்பனையும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிஎஸ்-4 பெட்ரோல் கார் ஐடிலிங்கில் நிற்கும்போது அது 0.3 விழுக்காட்டையும், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்மையும் தாண்டக் கூடாது. கண்ணால் பார்த்து இதைச் சொல்ல வழியே இல்லை.

பக்கத்துத் தெரு பங்க்குக்கு ஓட்டிப்போய் உடனே சோதிக்கலாம் என்பதும் தவறு. பழுதில்லாத கார்கள்கூடத் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். நச்சு வாயுக்களை மாற்றும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூடேறிய பிறகே வேலை செய்யத் தொடங்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போது பெட்ரோலும் கூடுதலாகவே செலுத்தப்படும். பதினைந்து, இருபது நிமிடம் நல்ல வேகத்தில் ஓட்டிவிட்டு, ஆறவிடாமல் சோதிப்பதே முறை.

சோதனைக்குப் புறப்படும் முன் டாங்கில் ஊற்றும் திரவம் எல்லாவற்றையும் சரிசெய்யாது. இன்ஜெக்டரில் படிந்த அழுக்கை அது மெல்லக் கரைக்கலாம். தேய்ந்த ஸ்பார்க் பிளக்கையோ செயலிழந்த ஆக்சிஜன் சென்சாரையோ மாற்றியே ஆக வேண்டும். செக் இன்ஜின் விளக்கை அணைக்க பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பழுதின் பதிவுதான் அழியும். பழுது அப்படியே இருக்கும்.

சைலன்சர் ஓட்டை ரீடிங்கைக் குறைக்கும் என்ற எண்ணம் அதைவிட மோசமானது. வெளிக்காற்று கலந்தால், காற்று-பெட்ரோல் கலவையின் விகிதத்தைக் காட்டும் லாம்டா அளவு 0.97க்கும் 1.03க்கும் இடைப்பட்ட வரம்பை மீறிவிடும். ஓட்டை ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இருந்தால், காற்று மிகுதி என்று தவறாகக் கணித்து இன்ஜின் மேலும் பெட்ரோலைச் செலுத்தும்.

டீசல் கார் என்றால் கரும்புகை இயல்பு என்பார்கள். அடைபட்ட ஏர் ஃபில்டரும் கெட்டுப்போன இன்ஜெக்டரும் அதற்கு வழக்கமான காரணங்கள். நீலப்புகை வேறு சங்கதி: இன்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். ஃபில்டர் மாற்றி அதைத் தீர்க்க முடியாது. பிஸ்டன் ரிங், வால்வு சீல் வரை பார்க்க வேண்டும்.

புதுக் காருக்குச் சான்றிதழ் வேண்டாம் என்பது முதல் பதிவிலிருந்து ஓராண்டு வரைதான் உண்மை. அதன் பிறகு பிஎஸ்-4, பிஎஸ்-6 கார்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும், பழைய கார்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் மத்திய மோட்டார் வாகன விதி 115 அதைக் கட்டாயமாக்குகிறது.