மருந்துக்குக் கேட்காத கட்டியும் நானோ ஊசியும்

“கீமோவுக்குக் கட்டி கேட்கவில்லையா? நானோ ஊசி போட்டால் நேரே புற்றணுவுக்குள் போய்விடும்.” அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியிலிருந்து அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கோ அலையும் குடும்பங்களின் காதில் இப்படியொரு பேச்சு விழுந்தால், நகையை அடகு வைத்தாவது வாங்கிவிடலாம் என்றுதான் தோன்றும். அதனால்தான் இந்த நம்பிக்கையில் எவ்வளவு உண்மை என்று பார்த்துவிட வேண்டும்.

இது வெறும் கற்பனையில் பிறந்ததல்ல. 1976இல் டொரண்டோவில் ஜூலியானோவும் லிங்கும் மருந்துக்கு அடங்காத செல்களின் சவ்வில் பி-கிளைக்கோபுரதத்தைக் கண்டறிந்தார்கள். மழைக்காலத்தில் கொரட்டூர் வீடுகளுக்குள் புகுந்த நீரை மோட்டார் வைத்து இறைப்பதுபோல, உள்ளே வரும் மருந்தை அது வெளியே தள்ளுகிறது. கொழுப்பாலோ பாலிமராலோ ஆன நானோ துகளுக்குள் மருந்தை அடைத்தால், செல் அந்தத் துகளை அப்படியே விழுங்கும். மருந்து சவ்வைத் தாண்டி ஆழத்தில் அவிழும். ஆய்வகத் தட்டில் இது பலமுறை பலித்திருக்கிறது. ஆனால் தட்டில் ரத்த ஓட்டம் இல்லை, துகள்களைப் பிடித்துக்கொள்ளும் கல்லீரலும் இல்லை. டொரண்டோவின் வாரன் சான் குழு பத்தாண்டுக் கால விலங்கு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, செலுத்திய துகள்களில் கட்டியை எட்டியது நடுமதிப்பாக 0.7 சதவீதம்தான். அப்படியே எட்டினாலும், மருந்தை இறைத்துத் தள்ளுவது கட்டியின் ஒரே வழி அல்ல. சேதமான டி.என்.ஏவைப் பழுதுபார்க்கும், மருந்தின் இலக்கையே மாற்றிக்கொள்ளும், சாகச் சொல்லும் சமிக்ஞையை அடைத்துவிடும். மருந்து எந்த வண்டியில் வந்தாலும் இவற்றில் பெரும்பாலானவை மாறப்போவதில்லை.

அப்படியானால் சினைப்பைப் புற்றுக்கு, பிளாட்டினம் மருந்து தோற்றபின், லிப்போசோம் என்ற கொழுப்புக் கூட்டில் அடைத்த டாக்சோரூபிசின் தருகிறார்களே என்று கேட்கலாம். தருகிறார்கள், அது சரியான சிகிச்சைதான். ஆனால் அங்கே மாறியது வண்டி மட்டுமல்ல, மருந்தே வேறு; அப்போதும் கட்டி சுருங்குவது பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். அதே பிளாட்டின மருந்தான சிஸ்பிளாட்டினையே லிப்போசோமில் அடைத்துச் சோதித்தபோது பயன் கிடைக்கவில்லை. கூடு அதை வேண்டிய அளவு வெளியே விடவில்லை. லிப்போசோம் டாக்சோரூபிசினின் உண்மையான வெற்றி வேறு இடத்தில் இருக்கிறது. பரவிய மார்பகப் புற்றில் அதைச் சாதாரண டாக்சோரூபிசினோடு ஒப்பிட்ட 2004ஆம் ஆண்டு ஆய்வில், நோயைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் சமம். இதயப் பாதிப்பு மட்டும் வெகுவாகக் குறைந்தது. அதுவே பெரிய வரம். பக்கவிளைவே இல்லை என்பதும் தவறு: உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரிவது இதில்தான் அதிகம்.

நானோவால் ஆயுள் கூடவே இல்லையா என்றால், கூடியிருக்கிறது. ஒருவகைத் தீவிர ரத்தப் புற்றுக்கு 2017இல் அமெரிக்கா அனுமதித்த வைக்சியோஸ், சைட்டராபினையும் டானோரூபிசினையும் 5:1 விகிதம் குலையாமல் ஒரே கூட்டில் கொண்டுபோகிறது. 60 முதல் 75 வயதானவர்களிடம், அதே இரு மருந்துகளைத் தனித்தனியே பெற்றவர்கள் நடுமதிப்பாக 5.95 மாதம் வாழ, இதைப் பெற்றவர்கள் 9.56 மாதம் வாழ்ந்தார்கள். குறிப்பிட்ட நோய், குறிப்பிட்ட கலவை, நேருக்கு நேர் ஒப்பீடு: நம்பத்தக்க சான்று இப்படித்தான் இருக்கும்.

ஆகவே நானோ ஊசி என்று யாராவது சொன்னால், இந்தப் புற்றுக்கு, இந்தக் கட்டத்தில், பழைய வடிவத்தைவிட ஆயுள் கூடுகிறதா, பக்கவிளைவு குறைகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டாவதுதான் பதில் என்றால், இதயம் பலவீனமானவருக்கு அது செலவுக்குத் தகும். மற்றவர்கள் காப்பீட்டில் கிடைக்கும் மருந்தைத் தயங்காமல் தொடரலாம். இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது என்றால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகமான சி.டி.ஆர்.ஐயின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மருந்து ஆய்வுகளுக்கு அந்தப் பதிவு 2009 முதல் கட்டாயம்.